ஐயரம்மாவின் எடை

ஜூன் 3, திங்கள்

உலகம் முடியப்போகிறது என்று டிவியில் சொன்ன நேரத்தில் அடுப்பில் பால் பொங்கியது. முதலில் அடுப்பை அணைத்தேன்.

பூமி மனிதர்களை மட்டும் கைவிடுகிறதாம். ஆடு மாடு, கல் மண், சட்டி பானை எல்லாம் கனம் மாறாமல் இருக்க, மனிதருக்கு மட்டும் எடை நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும். அநேகருக்கு ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி, ஞாயிறு முற்பகலில் எடை பூஜ்யம். சிலருக்குக் கொஞ்சம் முந்தும். அதன் பிறகு பூமி நம்மைக் கீழே இழுக்காது, மேலே தள்ளும். கண்ணாடி போட்ட ஒரு விஞ்ஞானி பலகையில் கோடு கிழித்துக் காட்டினார். பாவம், அவரே மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார்.

"எடுத்துக்கொள்ளப்படுதல்!" என்று என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். இந்தப் பக்கத்தில் போதகரை ஐயர் என்பார்கள், அவர் மனைவியை ஐயரம்மா. வெளியூர்க்காரர்கள் கேட்டால் குழம்பிப்போவார்கள். அவர் சுகிர்தராஜ் ஐயர், நான் எப்சிபா ஐயரம்மா. பிள்ளைகள் இல்லை. சபைதான் நமக்குப் பிள்ளை என்பார். மூவாயிரம் பிள்ளைகள் இருக்கிறார்கள், தலைவலி என்று படுத்தால் ஒரு காபி போட்டுத் தர ஆள் கிடையாது.

இரகசிய வருகை, இரகசிய வருகை, கர்த்தர் திடீரென வந்து தம்முடையவர்களை வானத்துக்கு எடுத்துக்கொள்வார் என்று தலைமுறை தலைமுறையாகப் பிரசங்கித்தார்கள். கடைசியில் விளம்பர இடைவேளைகளோடு வருகிறது.

ஜூன் 9, ஞாயிறு

ஊர் பெயர் ஏகமனபுரம். கட்சி இரண்டு, மேலத்தெரு, கீழத்தெரு. புதுச் சபை மண்டபத்தின் வாசல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில் வழக்கு நடக்கிறது. மண்டபத்துக்கு இறக்கிய கருங்கல் எல்லாம் கோயில், அதாவது எங்கள் சர்ச், வளாகத்தில் குவிந்து கிடக்கிறது. அதில் ஓணான் குடும்பம் ஒன்று பெருகியிருக்கிறது. அவைகளுக்குள் கட்சி இருப்பதாகத் தெரியவில்லை.

இன்று ஆராதனை முடிந்ததும் கமிட்டிச் செயலாளர் வேதமாணிக்கம், அறுப்பின் பண்டிகைக்குக் காய்கறி நிறுக்கும் தராசைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். ஒவ்வொருவரையும் ஏற்றி, மைக்கில் அறிவித்தார். முன்பு இருந்ததைவிட எல்லோருக்கும் குறைந்திருந்தது. கைதட்டல், ஸ்தோத்திரம். என் முறை வந்தபோது வெயில் அதிகம் என்று சொல்லி, கையிலிருந்த குடையை விரிக்காமல் தரையில் ஊன்றிக்கொண்டேன். குறைந்தது.

"ஐயா, நீங்களும் ஏறுங்க" என்றார் வேதமாணிக்கம்.

"மந்தை எல்லாம் ஏறின பொறவுதான் மேய்ப்பன் ஏறணும்" என்றார் இவர். அதற்கும் கைதட்டினார்கள். எங்கே மைக் இருந்தாலும் இவருக்கு ஒரு வசனம் வந்துவிடும்.

ஜூன் 12, புதன்

குடையை ஏன் ஊன்றினேன் என்று இங்கே எழுத வேண்டியதில்லை. தராசு பழசு.

ஜூன் 20, வியாழன்

சரி. நாங்கள் குடியிருக்கும் குருமனைக் குளியலறையில் இருக்கும் தராசு புதுசு. அதுவும் எழுபத்தொன்று என்கிறது. இரண்டு வாரமாக எழுபத்தொன்று.

தெருவில் ஜனங்கள் இப்போது கோழி மாதிரி எகிறி எகிறி நடக்கிறார்கள். நானும் நுனிக்காலில் நடந்து பார்த்தேன். மார்க்கெட்டில் ஒருத்தி, "ஐயரம்மாவுக்கு என்ன சொகுசா கொறஞ்சிருக்கு, பாருங்களேன்" என்றாள். வீட்டுக்கு வந்து கெண்டைக்காலுக்குத் தைலம் தேய்த்தேன்.

பாவம் இருந்தால்தான் எடை குறையாது என்று வேதமாணிக்கம் பேசி வருகிறாராம். என் பாவங்களை யோசித்துப் பார்த்தேன். இவர் காபியில் சர்க்கரையைக் குறைத்துவிட்டு, போட்டேன் என்று பொய் சொல்லியிருக்கிறேன். பிரசங்கத்தின்போது மதியச் சமையலை யோசித்திருக்கிறேன். இதற்கெல்லாம் எழுபத்தொரு கிலோவா?

ஜூலை 2, செவ்வாய்

மூன்று நாள் உபவாசம் இருந்தேன். ஒன்றரைக் கிலோ குறைந்தது. முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொன்னேன். பிறகு நாலு இட்லி சாப்பிட்டேன். ஒன்றரைக் கிலோவும் திரும்பி வந்துவிட்டது.

விசித்திரம், இவரும் உபவாசம் இருந்தார். ஊருக்காக என்றார்.

ஜூலை 7, ஞாயிறு

காற்றடித்தால் ஆட்கள் நகர்ந்துபோகிறார்கள் என்று கமிட்டி கூடி, மண்டபத்துக் கருங்கல்லை உடைத்து ஆளுக்கொரு மூட்டையாகக் கொடுத்தது. இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். எந்தத் தெருவுக்கு முதல் மூட்டை என்று ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. மண்டபமாக நிற்க வேண்டிய கல் கடைசியில் எல்லோர் இடுப்பிலும் ஏறிவிட்டது. வழக்கும் முடிந்தது, இரண்டு தெருவுக்கும் வெற்றி.

என் மூட்டையில் இருந்த கல்லைத் துளசிச் செடிப் பக்கம் கொட்டிவிட்டு, என் தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சை அடைத்தேன். இல்லாவிட்டால் எழுபத்தொன்றோடு கல்லையும் யார் சுமப்பது? பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

இவர் எல்லோரையும்விடப் பெரிய மூட்டை கட்டிக்கொண்டு, எல்லோரையும்விட வேகமாக நடக்கிறார். இவ்வளவு பாரத்தோடு எப்படி என்று ஊரே வாயைப் பிளக்கிறது. விசுவாசம் என்கிறார்கள்.

ஜூலை 15, திங்கள்

அடுக்களையில் இவர் என் காலை மிதித்துவிட்டார். உயிர் போய்விட்டது. எடை போனாலும் மனுஷனுக்கு மிதி போகவில்லை.

பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று இவர் உட்கார்ந்ததும் கால் விரித்துக்கொண்டது. பழைய நாற்காலி. கட்டில் வேறு கிறீச் கிறீச் என்கிறது. அது என்னால்தான், இவர் கண்டுபிடித்துவிடுவாரோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு படுக்கிறேன். நல்லவேளை, இவரும் அசையாமல் கட்டை மாதிரிதான் படுக்கிறார்.

இவருடைய தலையணையும் மெலிந்திருக்கிறது. எலியாக இருக்கும். பொறி வைக்க வேண்டும்.

ஜூலை 24, புதன்

டிவியில் இன்று சொன்னார்கள். எங்கேயோ சிலருக்கு மட்டும் எடை குறையவே இல்லையாம். ஏன் என்று தெரியாதாம். சாதி, மதம், சாப்பாடு, இரத்த வகை, எதிலும் பொருத்தம் இல்லையாம். நான் தைராய்டு பார்த்து வந்துவிட்டேன். அதுவும் சரியாகவே இருக்கிறது.

மத்தியானம் சாப்பாடு போட்டுவிட்டு இவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன பாக்க?" என்றார். "மோர் வேணுமான்னு பாத்தேன்" என்றேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நரகத்துக்கு அல்ல. இந்த வீட்டில் இவருடைய இருமல் சத்தம் இல்லாமல் காலையில் எழுந்திருக்க வேண்டுமே, அதற்கு. உலகத்தில் எனக்கென்று இருப்பது இந்த ஒரு இருமல்தான்.

ஆகஸ்ட் 3, சனி

பால்காரர் சுடலைமுத்து இன்று போய்விட்டார். ஊரிலேயே முதல் ஆள்.

இரண்டு நாளாகவே பசுவின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். காலையில் பால் ஊற்றிவிட்டு, "ஐயரம்மா, லெச்சுமிய நீங்களும் ஐயாவும் பாத்துக்கிடுங்க. ரெண்டு நேரமும் கறக்கணும். இல்லன்னா மடி கட்டிக்கிடும்" என்றார்.

"நாங்களும் போறவங்கதான சுடலை?"

அவர் வாசலைப் பார்த்தார். ராத்திரி மழைக்குச் சேறாகிக் கிடந்தது. அவர் நடந்து வந்த இடத்தில் தடமே இல்லை. என்னுடைய தடம் நன்றாகப் பதிந்திருந்தது. பக்கத்தில் இன்னும் பெரிய தடம் ஒன்று, ஆழமாக, குருமனைப் படியிலிருந்து கோயில் வரை போயிருந்தது. யாராவது இரட்டை மூட்டைக் கல்லோடு போயிருப்பார்கள்.

"நான் யாருட்டயும் சொல்லலம்மா" என்றார் சுடலைமுத்து.

எனக்கு முகம் எல்லாம் சுட்டது. சரி என்று கயிற்றை வாங்கிக்கொண்டேன். அவர் கையை எடுத்ததும், கிணற்றிலிருந்து வாளி ஏறுவது மாதிரி நிதானமாக ஏறினார். வேப்ப மரத்துக்கு மேல், கோபுரத்துச் சிலுவைக்கு மேல். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. பிறகு ஒரு வெளிச்சம், ஆள் இல்லை. செருப்பு இரண்டும் குருமனை ஓட்டில் விழுந்து ஒரு ஓடு உடைந்தது.

சாயங்காலம் கமிட்டி அவசரக் கூட்டம். ஞானஸ்நானம் பெறாத ஒருவர், அதுவும் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு, சபையார் அனைவருக்கும் முந்திப் போனது எப்படி? பேராயருக்குக் கண்டனத் தீர்மானம் அனுப்பியிருக்கிறார்கள். "அப்புறம் நாம சந்தா கட்டி என்ன பிரயோஜனம்?" என்று ஒருவர் கேட்டாராம். நியாயமான கேள்விதான், நானாக இருந்தால் வாய்விட்டுக் கேட்டிருக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

எடை குறையாதவர்களை இன்று பேர் சொல்லிச் சபையின் முன் நிறுத்த வேண்டும் என்று வேதமாணிக்கம் எழுந்து கேட்டார். நான் முன் வரிசையில் குடையோடு உட்கார்ந்திருந்தேன்.

இவர் பிரசங்க பீடத்தில் ஒரு குத்து விட்டார். பலகை விரிசல் விட்டது. "எடை கொறையாதவங்களப் பத்தி இந்தக் கோயிலுக்குள்ள ஒருத்தரும் வாயத் தெறக்கக் கூடாது. ஆண்டவரு சிலுவையச் சொமந்தாரு, பறந்துக்கிட்டாப் போனாரு?" என்று கத்தினார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பிரசங்கம் கேட்டதில்லை. வேதமாணிக்கமும் அதிசயமாக உடனே உட்கார்ந்துவிட்டார். இவருக்கு இந்த இரக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. எனக்காகத்தான் கர்த்தர் பேசவைத்திருக்கிறார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு தடவை வாயெடுத்தேன். "எப்சி, ஒண்ணு சொல்லணும்" என்று இவரும் ஆரம்பித்தார். என்ன என்றேன். "ரசத்துல உப்பு கூடுது" என்றார்.

ஒரு யோசனை வந்திருக்கிறது. எவ்வளவு எடை இருந்ததோ அவ்வளவு பலமாக மேலே தள்ளும் என்று விஞ்ஞானி சொன்னார். இவர் என்னைவிட இருபது கிலோ கூடுதல். என்னை இவரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டால், என்னையும் தூக்கிக்கொண்டு இன்னும் மிச்சம் இருக்கும். கொடிக்கயிற்றை அவிழ்த்து ஒளித்து வைத்திருக்கிறேன். மோட்சத்துக்குத் தொங்கிக்கொண்டு போவது மரியாதை இல்லைதான். கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 17, சனி

நாளைக்கு வருஷ அசனமும் உண்டு. ஊர் முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்தை உலகம் முடிகிறது என்பதற்காக நிறுத்த முடியாது என்று கமிட்டி முடிவு. மூவாயிரம் பேருக்குச் சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, பருப்பு, ரசம். முற்பகலில் கிளம்ப வேண்டியவர்களுக்குக் காலையிலேயே இலை போட்டுவிடலாமே என்றேன். ஆராதனை முடிந்துதான் பந்தி என்பது வழக்கமாம்.

கூரையில் முட்டாமல் இருக்க ஆராதனை மைதானத்தில். நடுவில் சுண்ணாம்பால் கோடு போட்டிருக்கிறார்கள். மேலத்தெரு மேற்கே நின்று ஏறும், கீழத்தெரு கிழக்கே. மேலே போன பிறகு கோட்டை யார் போடுவார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் வழக்கம்போல இவருக்கு அங்கி மாட்டிவிட்டேன். இடுப்புக் கயிற்றை நான்தான் கட்டுவது. அதோடு கொடிக்கயிற்றின் ஒரு முனையைச் சேர்த்து முடிந்தேன். மறுமுனை என் சேலைக்குள். இவர் கவனிக்கவில்லை, என் மூட்டை நெகிழ்ந்திருக்கிறது என்று அதைக் கட்டிவிடுவதில் மும்முரமாக இருந்தார். கலியாணம் ஆன நாளிலிருந்து ஒரு பொட்டலம்கூடக் கட்டித் தராத மனுஷன். கடைசி நாள் பாசம் என்று கண் கலங்கினேன்.

ஆராதனை சீக்கிரமே முடிந்தது. அசனப் பந்தல் தயார். சோறு ஆவி பறக்கிறது. அப்போது ஆரம்பித்தது. முதல் பந்தி எந்தத் தெருவுக்கு?

"போன வருசம் நீங்கதான உக்காந்தீய!"

"அது போன வருசம். இப்ப கடைசி வருசம், ரெண்டாம் பந்திக்குள்ள மேல போயிருவோம்லா? அப்ப மொதப் பந்தி எங்களுக்குத்தான்!"

சுண்ணாம்புக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் நின்று கை நீட்டிக் கத்தினார்கள். இவர் நடுவில் நின்று, "சாப்பாடு ஆறுது, சாப்பாடு ஆறுது" என்றார். யார் கேட்டார்கள்? அப்படிக் கத்திக்கொண்டிருக்கும்போதே கால்கள் தரையை விட்டுவிட்டன. மூட்டைக் கல் எல்லாம் கயிறு அறுந்து பொத்து பொத்தென்று விழுந்தது. பிறகு பயத்தில், திட்டுவதற்காக நீட்டியிருந்த கையாலேயே எதிரில் இருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மேலத்தெருவும் கீழத்தெருவும் கை கோத்துக்கொண்டு ஏறுவதை நான் என் கண்ணால் பார்த்தேன். இதைப் பார்க்க உலகம் முடிய வேண்டியிருந்தது. யாரோ ஒரு பெண் பாட்டை எடுத்தாள். எல்லோரும் சேர்ந்து பாடினார்கள், சுருதிகூடச் சேர்ந்திருந்தது.

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கயிறு இழுக்கட்டும் என்று நின்றேன்.

பாட்டு தேய்ந்து போனது. செருப்புகள் மழையாக விழுந்து ஓய்ந்தன. இழுப்பு வரவில்லை.

கண்ணைத் திறந்தேன். மைதானத்தில் ஒரு ஆள் இல்லை. இவர் மட்டும் என் பக்கத்தில், கண்ணை மூடி, முகவாயைத் தூக்கி, நுனிக்காலில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க?"

ஒரு கண்ணைத் திறந்தார். "எப்சி, நீ இன்னும் போகலியா?"

"நீங்க போகலியா?"

இவர் தன் இடுப்பிலிருந்த கொடிக்கயிற்றைப் பார்த்தார். என் மூட்டையிலிருந்து இவர் அங்கிக்குள் இன்னொரு கயிறு போயிருந்தது. கோயில் மணிக்கு மாற்ற வாங்கி வைத்திருந்த புதுக் கயிறு. காலையில் மூட்டையைக் கட்டிவிட்டது இதற்குத்தான்.

"எனக்கு மொதல்ல இருந்தே கொறையலட்டி" என்றார். "நீ விசுவாசத்துல பெரியவ. ஒன்னப் புடிச்சுத் தொங்கிக்கிட்டுப் போயிரலாம்னு நெனச்சேன்."

"நீங்க ஆளு பெருசு. என்னையும் சேத்துத் தூக்கிருவீயன்னு நான் நெனச்சேன்."

இவர் மூட்டையைப் பிரித்துக் காட்டினார். இலவம்பஞ்சு. எலிப்பொறி வைத்தவளைச் சொல்ல வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தபடியே அழுதேன். இவரும் அழுதார். தனியாகக் கிடக்கப் போகிறேன் என்று இரண்டு மாதமாக நான் பயந்தபோது, இந்த மனுஷனும் அதே கட்டிலில் அதே பயத்தோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தோம். இரண்டும் சிக்கிக்கொண்டது. அப்படியே கட்டியபடி போய்ப் பந்தலில் உட்கார்ந்தோம்.

மூவாயிரம் பேருக்கான சோறு முன்னால் இருக்கிறது. "மணி அடிக்கட்டுமா?" என்றார். "நம்மள மாதிரி யாராச்சும் இருந்தா வரட்டும்."

அடித்தார். நானும் கூடவே போக வேண்டியதாயிற்று, கயிறு அப்படி. கொஞ்ச நேரத்தில் மிச்சமிருந்த கருங்கல் குவியலுக்குப் பின்னால் அரவம். வேதமாணிக்கம் எழுந்து வந்தார். தலையெல்லாம் தூசி. இடுப்பு மூட்டையில் ஓட்டை, அதிலிருந்து தவிடு கொட்டிக்கொண்டே வந்தது.

"ஐயரம்மா" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "மொதப் பந்தி..." என்று வழக்கம்போல ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "சாப்பாடு இருக்கா?"

எனக்குச் சொல்ல நூறு வார்த்தை இருந்தது. இலை போட்டேன். கறி கொஞ்சம் கூடவே வைத்தேன்.

பொழுது சாய்வதற்குள் மணிச் சத்தம் கேட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள். ஸ்கூட்டரில் ஒரு நர்ஸ், தொழுகைத் தொப்பியோடு ஒரு பெரியவர், தோளில் ஆட்டுக்குட்டியோடு ஒரு பெண். ஒருவருக்கொருவர் காலைத்தான் முதலில் பார்த்துக்கொண்டார்கள், தரையில் பதிகிறதா என்று. எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். எந்தத் தெரு என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

லெச்சுமியைக் கறந்தேன். ஒரு உதை கொடுத்தது. நாளைக்கு மற்ற வீட்டு மாடுகளையும் பார்க்க வேண்டும், ஆடு கோழி வேறு. எதற்காக மீதி வைக்கப்பட்டோம் என்று வேதமாணிக்கம் இவரிடம் கேட்டார். "தெரியல" என்றார் இவர், பக்கத்தில் மைக் இல்லாததாலோ என்னவோ. பிறகு சாணி அள்ள ஒரு கூடையை அவர் கையில் கொடுத்தார். அதை ஒரு கமிட்டி அமைத்துச் செய்யலாமே என்று வேதமாணிக்கம் சொல்லிப் பார்த்தார்.

மத்தியானம் கொஞ்சம் படுத்தோம். இவர் இருமினார். திரும்பிப் படுத்தார். நானும் திரும்பிப் படுத்தேன். கட்டில் ஊரைக் கூட்டுகிற மாதிரி கிறீச்சிட்டது.

"நாளைக்கு எண்ணெய் போடணும்" என்றார்.

வேண்டாம் என்றேன்.